தப்பிப் போனவர்கள்

முடிவுதான் முதலில் வந்தது. அந்த நிமிஷமே எழுந்து வெளியே போயிருக்க வேண்டும். ஏன் போகவில்லை?

கோமளவல்லி இதை மனத்துக்குள் எத்தனையோ தடவை கேட்டுக்கொண்டிருக்கிறாள். வாய்விட்டு யாரிடமும் கேட்டதில்லை. கேட்டால், மழை இருட்டு, தனியாக இருந்த பெண்பிள்ளை, எதையோ நினைத்துப் பயந்திருப்பாள் என்று சொல்லிவிடுவார்கள். சொல்லட்டும். ஆனால் அன்று கடைத்தெருவில் கூரைக்கடியில் ஒதுங்கி நின்றவர்களில் சிலர் இன்னும் உயிரோடு இருக்கிறார்கள். அவர்கள் காதுக்கும் அது கேட்டது. அதனால் இதைக் கட்டுக்கதை என்று யாரும் ஒதுக்கிவிட முடியாது. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தைந்து, ஐப்பசி மாதம், சனிக்கிழமை. சாயங்காலம் ஏழு ஐந்திலிருந்து ஏழே கால் வரை.

திருத்தணி அப்போது ஆந்திரத்தின் சித்தூர் மாவட்டத்தில் இருந்தது. கடைப் பலகைகளில் இரண்டு எழுத்து, தெருவில் இரண்டு பேச்சு. வாசகசாலை ரேடியோவும் இரண்டு மொழியில் பேசியது. ஏழு ஐந்துக்குத் தெலுங்குச் செய்தி. ஏழே காலுக்குத் தமிழ்ச் செய்தி. பாட்டரியில் ஓடும் பெரிய மரப்பெட்டி ரேடியோ அது. வாசலில் ஒரு கம்பத்தில் ஒலிபெருக்கி. பெட்டியைத் திறந்து மூடும் வேலை கோமளவல்லிக்கு. பகலில் பெண்கள் பள்ளியில் இரண்டாம் வகுப்பு டீச்சர். ஆறரைக்கு மேல் வாசகசாலை. செய்தி முடிந்ததும் முக்கியமானவற்றை வாசல் கரும்பலகையில் எழுதுவாள். எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கு வாசித்தும் காட்டுவாள்.

திருவாலங்காட்டில் பிறந்தவள். கல்யாணமான ஏழாவது மாதம் புருஷன் வீட்டார் திருப்பி அனுப்பிவிட்டார்கள். காரணம் சொல்லவில்லை. இவளும் கேட்கவில்லை. முப்பத்து நாலு வயதில், ஸ்டேஷன் சாலையில் ஓர் அறை, ஒரு மண்ணெண்ணெய் அடுப்பு. ஒரு நாளைக்கு ஒரு தடவை அவளைப் பார்த்து வணக்கம் சொல்லும் குரல் ரேடியோவினுடையது. அது எல்லாருக்கும் சொல்லும் வணக்கம்தான். தெரியும். இருந்தாலும் அவள் மெல்லத் தலையசைப்பாள்.

மூன்று வருஷம் கேட்டதில் செய்தி எப்படி அடுக்கப்படுகிறது என்பது அவளுக்கு மனப்பாடம். முதலில் வாசிப்பவரின் பெயர். பிறகு தலைப்புகள், நாலோ ஐந்தோ, ஒவ்வொன்றும் ஒரு மூச்சு. அப்புறம் விரிவு: டெல்லி, வெளிநாடு, வெள்ளமோ விபத்தோ, நெல் விலை, நூல் விலை. அதற்குப் பிறகு மழை வருமா வராதா. மறுபடியும் தலைப்புகள். இத்துடன் செய்திகள் முடிவடைந்தன. எத்தனை பேர் செத்த நாளானாலும் பத்து நிமிஷம்தான். சாவைச் சொன்ன அதே குரல் கலங்காமல் பஞ்சு விலையையும் சொல்லும். சாவுச் செய்திக்கு முன்னால் மட்டும் வாசிப்பவர் ஒரு சின்ன மூச்சு இழுப்பார். ஊரில் வேறு யாரும் அதைக் கவனித்திருக்க மாட்டார்கள். அவளுக்கு அது கேட்கும்.

போன வருஷம் இதே ஐப்பசியில் அந்த மூச்சு கேட்டது.

வடக்கே ஓர் ஆற்றில் படகு கவிழ்ந்த செய்தி. அன்றும் மழை. தமிழ்ச் செய்தி முழுவதும் ஒரே கரகரப்பு. தெலுங்குதான் தெளிவாக வந்தது. படகில் பதினாறு பேர். ஐந்து பேர் இறந்தார்கள். மிச்சம் பதினொரு பேர் ‘தப்பிபோயாரு’ என்றது ரேடியோ. கடையில் உப்பும் புளியும் வாங்கிப் பழகிய தெலுங்கு அவளுடையது. ஒரு நொடிகூட யோசிக்காமல் பலகையில் எழுதினாள்: பதினொரு பேர் தப்பினர்.

அந்தப் படகில் வீராசாமி இருந்தான். பள்ளிப்பட்டில் பிறந்து திருத்தணியில் தறி போட்டவன். புடவை மூட்டையோடு வியாபாரத்துக்குப் போயிருந்தான். மறுநாள் அவன் மனைவி தாயாரம்மாள் தலைவிரிகோலமாக ஓடிவந்தாள். இறந்த ஐந்து பேரில் வீராசாமி இல்லை என்று அங்கிருந்த வியாபாரிகள் அனுப்பிய தந்தியில் அவளுக்கு அதற்குள் தெரிந்திருந்தது. மீதியைக் கோமளவல்லி வாசித்துக் காட்டினாள். பதினொரு பேர் தப்பினர். தாயாரம்மாள் அவள் இரண்டு கைகளையும் பிடித்துத் தன் கண்களில் ஒற்றிக்கொண்டாள். கோமளவல்லியின் கையை யாராவது பிடித்து வருஷக்கணக்காகியிருந்தது.

நாலு நாள் கழித்து, பாட்டரி மாற்ற அரக்கோணத்திலிருந்து வரும் மெக்கானிக் சத்தார் பலகையில் இன்னும் அழிக்காமல் இருந்த அந்த வரியைப் படித்துவிட்டுத் தாடியைத் தடவினார்.

“டீச்சரம்மா, தெலுங்குல தப்பிபோயாருன்னா உயிர் தப்பினாங்கன்னு இல்லீங்க. காணாம போய்ட்டாங்கன்னு அர்த்தம்.”

அவள் அன்று பலகையை அழித்தாள். அதில் நூல் விலை எழுதினாள். திருத்தம் எழுதவில்லை.

நாளைக்கு எழுதலாம் என்று நினைத்தாள். ஆனால் மறுநாளிலிருந்து தாயாரம்மாள் தினமும் சாயங்காலம் வர ஆரம்பித்தாள். “இன்னைக்கு எதுனா சொன்னாங்களா டீச்சரம்மா?” என்பாள். இல்லை என்றால், “சொல்லுவாங்க” என்று உட்கார்ந்துகொள்வாள். சில நாள் கொழுக்கட்டை கொண்டுவருவாள். சில நாள் இவள் தலையைப் பார்த்துவிட்டு, “எண்ண வெச்சு எத்தினி நாளாச்சு, இப்பிடி வாங்க” என்று இழுத்து உட்காரவைத்துப் பின்னிவிடுவாள். இப்படியே ஒரு வருஷம். கோமளவல்லிக்குத் தன்மேலேயே ஒரு பயம் வந்தது. உண்மையைச் சொல்ல வெட்கப்பட்டுத்தான் சொல்லாமல் இருக்கிறேனா? இல்லை, சொல்லிவிட்டால் நாளைக்கு ஆறரை மணிக்கு யார் வருவார்கள் என்பதாலா?

அந்தச் சனிக்கிழமை ஆறரைக்கு அவள் வாசகசாலையைத் திறந்தாள். பேய்மழை. சாரல் அடித்ததால் வாசல் பெஞ்சுகள் இரண்டையும் உள்ளே இழுத்து, பின்சுவரோரம் போட்டாள். ரேடியோவின் பாட்டரி நாலு நாளாக மங்கிக்கொண்டிருந்தது. சத்தார் அன்று வருவதாகச் சொல்லியிருந்தார். அவரிடமும் ஒரு சாவி உண்டு. மேஜைக்கடியில் பாட்டரிப் பெட்டி மூடியிருந்தது. வந்து மாற்றிவிட்டுப் போயிருக்கிறார் என்று நினைத்துக்கொண்டாள்.

ஆறு நாற்பதுக்கு வீராசாமியின் தம்பி பங்காரு சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு வந்து நின்றான்.

“நாளைக்கு ஐயர் வர்றாருங்க. அண்ணனுக்குக் காரியம்.”

“தாயாரு ஒத்துக்கிட்டாங்களா?”

“எங்க? காணாம போனவங்கன்னு காயிதத்துல போட்டிருக்குதுன்னு காட்னா, அதுல யார் வேணா எழுதுவான்றாங்க. ரேடியோ சொல்லிச்சாம். நீங்க காதால கேட்டீங்களாம்.” அவன் கசப்பாகச் சிரித்தான். “உங்க பலவைன்னா அண்ணிக்கு வேதம்.”

அவள் மேஜைமேல் கிடந்த சாக்கட்டியை எடுத்தாள்.

“அண்ணன் பங்கு சோத்த தினம் எடுத்து வெக்கிறாங்க. காலைல தண்ணி ஊத்தி இவங்க துன்றாங்க. தறி நின்னு ஒரு வருசமாச்சு. காரியம் ஆச்சுன்னா பள்ளிப்பட்டுக்கு இட்டுகினு போயிடுவோம். நாலு பேரோட இருப்பாங்க. நீங்க ஒரு வார்த்த சொல்லுங்க, அன்னைக்குத் தப்பா எழுதிட்டேன்னு.”

பள்ளிப்பட்டுக்கு. கோமளவல்லி சாக்கட்டியை விரலில் உருட்டினாள்.

“மழை விடட்டும். பார்க்கலாம்.”

“உங்களுக்கு ஒரு வருசமா மழ பேஞ்சிகினேதான் கீது,” என்றான் பங்காரு. சாக்கை இழுத்துவிட்டுக்கொண்டு போய்விட்டான்.

ஏழு மணி. தாயாரம்மாள் வரவில்லை. வீட்டில் சொந்தக்காரர்கள் பிடித்து வைத்திருப்பார்கள். வாசலில் ஒரு ஆள் இல்லை. அவள் கதவை ஒருக்களித்துவிட்டு ரேடியோவின் குமிழைத் திருகினாள். கண்ணாடிக்குப் பின்னால் மஞ்சள் வெளிச்சம் வந்தது. வழக்கத்தைவிடப் பிரகாசமாக.

கரகரப்பு இல்லை. இரைச்சல் இல்லை. மழை நாளில் அவ்வளவு சுத்தமான நிசப்தம் அந்தப் பெட்டியிலிருந்து வந்ததே இல்லை.

ஏழு ஐந்து.

“இத்துடன் செய்திகள் முடிவடைந்தன.”

தமிழில் சொன்னது. அந்த நேரத்துக்கு வர வேண்டியது தெலுங்கு.

கடிகாரம் நின்றுவிட்டதோ என்று சுவரைப் பார்த்தாள். பெண்டுலம் ஆடிக்கொண்டிருந்தது. ஏழு ஐந்துதான். முடிந்துவிட்டது என்கிறார்களே... நிலையத்தில் யாரோ தவறாக வாசித்துவிட்டார்கள் என்று நினைத்தாள். அவளுக்குக் கொஞ்சம் சிரிப்புக்கூட வந்தது.

கடைசித் தலைப்புகளை விட்டுவிட்டுக் குரல் தொடர்ந்தது. ஆண் குரல். நிதானமான, பழகிய குரல். மழை பற்றிச் சொன்னது. கடலோர மாவட்டங்களில் பலத்த மழை பெய்யும். அடுத்தது நூல் விலை. அடுத்தது நெல் விலை.

வரிசை தலைகீழாக வந்துகொண்டிருந்தது.

புது ஏற்பாடாக இருக்கும். மாற்றியிருப்பார்கள். அவள் பென்சிலை எடுத்துக் காகிதத்தில் குறிக்கத் தொடங்கினாள். நூல் விலையை எழுதும்போது கை நின்றது. இந்த எண்ணை அவள் முன்னால் எழுதியிருக்கிறாள். நாலு நாள் கழித்துப் பலகையை அழித்துவிட்டு எழுதியது வேறு எண். இது அதற்கு முந்தையது. அன்றைக்கு, ‘பதினொரு பேர் தப்பினர்’ என்ற வரிக்குக் கீழே எழுதிய எண்.

இது போன வருஷத்துச் செய்தி.

அன்றைய செய்தியின் வரிசை அவளுக்கு மறக்கவில்லை. நெல் விலைக்கு முன்னால் விபத்து. இப்போது தலைகீழ். அப்படியானால் அடுத்து வர வேண்டியது...

குரல் நின்றது. அந்த இடத்தில் தண்ணீர்ச் சத்தம் கேட்டது. மழைச் சத்தம் இல்லை. அகலமான தண்ணீர் ஓடுகிற சத்தம். எவ்வளவு நேரம் என்று அவள் கடிகாரத்தைப் பார்த்தாள். முழுதாக ஒரு நிமிஷம். பிறகு எதுவுமே நடக்காததுபோல் குரல் வெளிநாட்டுக்குப் போனது. டெல்லிக்குப் போனது.

ஏழு பன்னிரண்டு.

அவள் குமிழைத் திருகி மூடினாள். டக்கென்று சத்தம். வெளிச்சம் அணைந்தது.

குரல் நிற்கவில்லை.

தலைப்புகளுக்கு வந்திருந்தது. ஐந்தாவது தலைப்பு. நாலாவது. மூன்றாவது. இரண்டாவது. ஒவ்வொன்றும் ஒரு மூச்சு.

முதல் தலைப்பு எது என்று அவளுக்குத் தெரியும்.

மூச்சு கேட்டது. சின்ன மூச்சு. பெட்டிக்குள்ளிருந்து வருவது போலவே இல்லை. காதுக்குப் பக்கத்தில்.

ஆனால் அந்தத் தலைப்பைக் குரல் வாசிக்கவில்லை. அதைத் தாண்டிப் போயிற்று.

“செய்திகள் வாசிப்பது... கோமளவல்லி.”

அப்புறம் நிசப்தம்.

ஒலிபரப்பு முடிந்த நிசப்தம் அவளுக்குத் தெரியும். அதில் யாரும் இருக்க மாட்டார்கள். இது அப்படி இல்லை. வாசிக்கட்டும் என்று காத்திருக்கிற நிசப்தம்.

ஏழு பதினாலு.

வெளியே பெஞ்சு கிறீச்சிட்டது. யாரோ உட்கார்ந்தார்கள். மறுபடி கிறீச். இன்னொருவர். தாயாரம்மாளோ என்று ஒரு நொடி மனம் குளிர்ந்தது. மூன்று... நாலு... ஐந்து... அவள் தன்னை அறியாமல் எண்ணினாள். ஒன்பது... பத்து... பதினொன்று.

பதினொன்றோடு நின்றது.

அப்போதுதான் அவளுக்கு நினைவு வந்தது.

பெஞ்சுகள் வெளியே இல்லை.

உள்ளே இருக்கின்றன.

அவளுக்குப் பின்னால்.

அவள் திரும்பவில்லை. கழுத்து திரும்பவில்லை. ஈரத்துணி வாடை வந்தது. ஆற்றுச் சேற்று வாடை. யாரோ துணியைப் பிழிந்தார்கள். சொட்டு... சொட்டு...

“வாசிங்க டீச்சரம்மா.”

ஆண் குரல். மரியாதையாக, கெஞ்சுகிற மாதிரி.

“அன்னைக்கு வாசிச்ச மாதிரியே.”

இன்னொரு குரல்.

“நீங்க சொன்னா... கரையேறிடுவோம்.”

அவள் வாய் திறந்தது. ஒரு வார்த்தைதான். எத்தனை சுலபமான வார்த்தை. அதைச் சொல்லித்தானே ஒரு வருஷம் ஒருத்தியை உட்காரவைத்தாள்.

புடவைத் தலைப்பைச் சுருட்டி வாயில் அடைத்துக்கொண்டாள். இரண்டு கையாலும் அழுத்தினாள்.

ஏழே கால்.

கடிகாரம் கால் மணிக்கு ஒரு தடவை அடித்தது.

அவ்வளவுதான்.

வாடை போய்விட்டது. மழை மட்டும் பெய்துகொண்டிருந்தது. எப்போது எழுந்தாள், கதவைப் பூட்டினாளா, ஸ்டேஷன் சாலைக்கு எப்படிப் போனாள் என்பது அவளுக்கு இன்றும் நினைவில்லை. அறைக்கு வந்து பார்த்தபோது புடவைத் தலைப்பு இன்னும் வாயில் இருந்தது. பல் பதிந்து நூல் அறுந்திருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணிக்கு வாசகசாலைக்குப் போனாள். கதவு திறந்தே கிடந்தது. மேஜைக்கடியில் சத்தார் குனிந்து உட்கார்ந்திருந்தார்.

“மன்னிச்சுக்கோங்க டீச்சரம்மா. நேத்து மத்தியானமே பழசக் கழட்டி எடுத்துகினு போயிட்டேன். சாயங்காலம் புதுசு கொண்டாந்துடலாம்னு பார்த்தேன். மழைல வண்டி வரல. இப்பத்தான் வர்றேன்.”

“பழசு...?”

“அரக்கோணத்துல என் கடையில கீதுங்க. நேத்து பூரா இந்தப் பொட்டி காலி.”

சத்தார் கம்பியை முறுக்கிக்கொண்டே, நிமிராமல் கேட்டார்.

“நானும் உங்கள ஒண்ணு கேக்கணும்னு இருந்தேன். டீக்கடைல சொன்னாங்க. நேத்து ஏழே காலுக்கு ஒலிபெருக்கில உங்க கொரல் வந்துச்சாமே. கடைத்தெரு பூரா கேட்டுதாம். பதினோரு பேரு தப்பினர்னு.”

“நான் பேசலை.”

“அதான் நானும் சொன்னேன். எப்பிடிங்க பேசுவீங்க?” சத்தார் இப்போது நிமிர்ந்தார். அவர் முகத்தில் சிரிப்பு இல்லை. “இந்தப் பொட்டில கேக்கத்தான் முடியும். பேசறதுக்கு வழியே கெடையாது.”

வாசலில் நிழல் தட்டியது. தாயாரம்மாள். முகத்தில் மஞ்சள் பூசி, புதுப்பொட்டு வைத்திருந்தாள். ஓடிவந்ததில் மூச்சு வாங்கியது. தெருவின் எதிர்ப்பக்கம் பங்காரு நின்றான். கிட்டே வரவில்லை. கோமளவல்லியைப் பார்த்துவிட்டு மண்ணில் துப்பினான்.

“கேட்டேன் டீச்சரம்மா. வீட்டுக்குள்ள உக்காந்துகினு இருந்தேன். உங்க கொரல் வந்துச்சு. எல்லாரும் கேட்டாங்க. இவனும்தான் கேட்டான். ஐயர திருப்பி அனுப்பிட்டேன்.” அவள் சிரித்தாள். “என்னைய பள்ளிப்பட்டுக்கு இட்டுகினு போறதாம். வர்ற ஆளு பூட்டின வீட்டையா பார்ப்பாரு?”

சத்தார் மெல்ல எழுந்து வெளியே போனார்.

“பலவைல எழுதிடுங்க. பதினோரு பேரு தப்பினாங்கன்னு. பெருசா எழுதுங்க. அழிக்காதீங்க, அங்கயே இருக்கட்டும். எழுதிட்டு, நேத்து மாதிரி ஒரு தபா வாசிங்க. நான் கிட்ட நின்னு கேக்கணும்.”

மேஜையிலிருந்த சாக்கட்டியை அவளே எடுத்தாள். கோமளவல்லியின் உள்ளங்கையை விரித்து, அதில் வைத்து, விரல்களை மூடினாள். மூடிய கையை விடாமல் பிடித்துக்கொண்டாள். கை வெதுவெதுப்பாக இருந்தது.

எழுதினால் இன்று சாயங்காலமும் வருவாள். நாளைக்கும் வருவாள். அடுத்த ஐப்பசிக்கும் வருவாள். இந்த அறையில் இவள் தலையைப் பின்னிவிட்டுக்கொண்டு, பழையசோறு தின்று கிழவியாவாள். அவள் வரும்போதெல்லாம் இவளுக்குச் சுகமாக இருக்கும். கோமளவல்லிக்கு அந்தச் சுகம் எப்படி இருக்கும் என்று மிக நன்றாகத் தெரிந்திருந்தது.

அறைக்குள் எந்தச் சத்தமும் இல்லை. பின்சுவரோரம் இருந்த பெஞ்சுகள் பக்கம் அவள் பார்க்கவில்லை. ஆனால் அங்கேயும் யாரோ மூச்சை அடக்கிக்கொண்டு காத்திருப்பது போலிருந்தது.

“எழுதுங்க டீச்சரம்மா.”

“எழுத மாட்டேன், தாயாரு,” என்றாள் கோமளவல்லி. பிடித்த கையிலிருந்து தன் கையை மெதுவாக எடுத்துக்கொண்டாள். “வாசிக்கவும் மாட்டேன்.”